உப்புத் தண்ணியில ஐஸ் ஏன் லேட்டா உருகுது?

பட்டர்வொர்த் அக்கா, மகன் சயன்ஸ் புரொஜெக்ட்ல உப்புத் தண்ணி கப்புல போட்ட ஐஸ் நல்ல தண்ணியில போட்டதவிட லேட்டா உருகுச்சு, ஆனா அண்டார்டிக்கால கடல்தண்ணிதான் ஐஸை அடியில உருக்குதுன்னு படிச்சோமே, எது தப்புன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டுமே சரிதான்க்கா, பையன அழிச்சு எழுத விடாதீங்க.

ஐஸ் உருகுனா வர்ற தண்ணியில உப்பு இல்ல, லேசா இருக்கும், உப்புத் தண்ணி மேல அப்படியே படிஞ்சு ஐஸைச் சுத்தி குளிர்ந்த படலமா நின்னுடும், கீழ இருக்கிற சூடு ஐஸ்கிட்ட சீக்கிரம் வர முடியாது. கலரிங் கலந்த தண்ணிய ஐஸாக்கிப் போடச் சொல்லுங்க, உப்பு கப்புல கலர் மேலயே தங்கும், நல்ல தண்ணியில நூல் நூலா கீழ இறங்கும். அப்புறம் உப்பு கப்ப ஸ்பூனால மெதுவா கலக்கினா ஐஸ் வேகமா கரையும்.

அண்டார்டிக்காலயும் இதே கதைதான். த்வைட்ஸ் பனிப்பாறை அடியில வர்ற ஆழ்கடல் தண்ணி ஒரு டிகிரி சுமார்தான், ஆனா அங்க உறைநிலை மைனஸ் 2க்கும் கீழ, அதனால அந்த சூடே தாராளம், அதை ஐஸ்வரைக்கும் கொண்டு போறது நீரோட்டமும் கலக்கலும்தான். 2020 ஜனவரியில கிட்டத்தட்ட 600 மீட்டர் துளை போட்டு ஐஸ்ஃபின் ரோபோவ இறக்கிப் பார்த்தாங்க, உருகுன தண்ணி படலமா நிக்கிற தட்டையான அடிப்பக்கம் எதிர்பார்த்தத விட மெதுவா உருகுது, வெடிப்பும் செங்குத்துச் சுவரும் இருக்கிற இடத்துல வேகமா அரிக்குது. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது.

ஒன்னு மட்டும், தண்ணிய ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, 4 டிகிரி பக்கம் போனா நல்ல தண்ணியிலயும் உருகுனது மேலயே மிதக்கும், ரிசல்ட் குழம்பிடும்.