ஸ்டீம் கணக்கு எங்கே? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

கே: அண்ணாச்சி, எங்கள் அரிசி ஆலையில் உமி மிஞ்சுகிறது. டர்பைன் வைத்து நாங்களே கரண்ட் எடுக்கலாமா? எவ்வளவு செலவாகும்? (அம்பாசமுத்திரம்)

ப: மணிக்கு எத்தனை டன் அரைக்கிறீர்கள், புழுங்கலா பச்சையா, வருஷத்தில் எத்தனை நாள் ஓடும் என்று எதுவுமே எழுதாமல் செலவை மட்டும் கேட்டால் நான் எதைச் சொல்வது? பொதுக்கணக்கு இதுதான். ஒரு டன் நெல்லுக்கு 200 கிலோ உமி, கிலோ உமிக்கு 3 கிலோ ஸ்டீம், ஆக 600 கிலோ. சின்ன பேக் பிரஷர் டர்பைன் (கரண்ட் எடுத்த பிறகும் ஸ்டீமை வேறு வேலைக்கு உதவும் பிரஷரில் வெளியே விடுவது) ஒரு யூனிட்டுக்கு 15 கிலோ ஸ்டீம் கேட்கும் என்று வைத்தால் டன்னுக்கு 40 யூனிட் கிடைக்கும், ஆலையின் தேவையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் இது சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ பிரஷரில், ஸ்டீமை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டரோடு ஓடுகிற பாய்லருக்கு. நம் ஊர் ஆலைகளில் இருக்கிற 10 கிலோ பாய்லரில் இதில் பாதியை எதிர்பார்ப்பதே அதிகம். டர்பைனைவிட்டு வெளியே வரும் ஸ்டீம் மொத்தமும் நெல் அவிக்கவும் உலர்த்தவும் போனால்தான் எரிபொருளின் சக்தியில் 70, 80 சதவீதம் பயனாகும். கரண்டை மட்டும் எடுத்துவிட்டு ஸ்டீமைக் காற்றில் விட்டால் 10 சதவீதம்கூடத் தேறாது. கார், பிசானம் இரண்டு அறுப்பை ஒட்டி மட்டும் ஓடும் ஆலை என்றால் இந்த யோசனையே வேண்டாம். முதலில் ஸ்டீம் மீட்டர் மாட்டி ஒரு சீசன் அளந்து பாருங்கள்.

கே: மருத்துவமனை ஜெனரேட்டரின் புகைச் சூட்டில் வெந்நீர் போட முடியுமா? (பாளையங்கோட்டை)

ப: கரண்ட் போகும்போது மட்டும் ஓடுகிற ஜெனரேட்டர்தானே? வேண்டாம். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வையுங்கள்.

கே: கூடங்குளத்தில் கடலுக்குப் போகும் வெப்பத்தைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கக் கூடாதா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

ப: நல்ல கேள்வி தம்பி. ஒரு உலையில் 3000 மெகாவாட் வெப்பம், அதில் 1000தான் கரண்ட், மீதி கடலுக்கு. ஆனால் வெளியேறும் தண்ணீர் கடலைவிடச் சில டிகிரிதான் சூடு. அந்தச் சூட்டில் நெல் அவியாது, துணிக்குச் சாயமும் ஏறாது. சூடான ஸ்டீம் வேண்டுமென்றால் டர்பைனின் நடுவிலேயே உருவ வேண்டும், அந்த அளவுக்குக் கரண்ட் குறையும். வாங்கும் ஆலையும் பக்கத்தில் இருக்க வேண்டும். வெப்பத்தைக் கரண்ட் மாதிரி கம்பியில் அனுப்ப முடியாது.

கே: ஒரே எரிபொருளில் கரண்டும் ஸ்டீமும் எடுக்கும் கோஜெனரேஷன் போடப்போகிறோம். பையன்கள் இரண்டு பேரைச் சென்னைக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினால் போதும்தானே? (சங்கரன்கோவில்)

ப: போதாது. இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த நாட்டில் இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை, திருச்சி பி.எச்.இ.எல். பெரிய அனல் நிலையங்களுக்கே பாய்லர் செய்து கொடுக்கிறது, நல்ல சர்க்கரை ஆலைகளில் 80, 100 கிலோ பிரஷர் பாய்லர்கள் ஓடுகின்றன. பஞ்சம் அதை ஓட்டத் தெரிந்த ஆளுக்குத்தான். 1923 பாய்லர் சட்டம் போய் 2025ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. சான்றிதழ் உள்ளவர்தான் பாய்லரைக் கவனிக்க வேண்டும் என்பது அப்போதும் இப்போதும் ஒன்றுதான். நடப்பது என்ன? சான்றிதழ் ஒருவர் பேரில் சுவரில் தொங்கும், உமி தள்ளுகிறவர் வேறொருவர். ஒரு ஆலையில் லாக் புக்கைப் புரட்டினேன், வாரம் முழுவதும் ஒரே பிரஷர், ஒரே டெம்பரேச்சர், ஒரே கையெழுத்து. வெளியே வந்தால், ஸ்டீமை நிறுத்திக் குளிர்ந்த தண்ணீரை மட்டும் வெளியே விட வேண்டிய ட்ராப் எல்லாம் ஒழுகி, கண்டன்சேட் (ஸ்டீம் குளிர்ந்து ஆன தண்ணீர்) பாய்லருக்குத் திரும்பாமல் கொதிக்கக் கொதிக்கச் சாக்கடைக்குப் போகிறது. பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி சூடு ஏறினால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். அந்தச் சாக்கடையில் போனது முதலாளியின் பணம்தான், ஆனால் அதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவரும் அங்கே இல்லை, சொன்னால் கேட்கிறவரும் இல்லை.

2001ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது, ஆலைகளின் எரிசக்திச் செலவைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர்களுக்குத் தேர்வு வைத்தார்கள், நல்ல காரியம். ஆனால் ஆடிட்டர் அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடுவார், ராத்திரி ஷிஃப்டில் வாட்டர் லெவல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஆபரேட்டர்தான். அவருக்கு லாரி டிரைவர் சம்பளம்கூடக் கொடுக்க மனசில்லாமல் கோடிக்கணக்கில் டர்பைன் வாங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளை ஓடுகிற பாய்லர் வீட்டில் முழு சீசன் ஷிஃப்ட் பார்க்க வைத்தால் பத்து வருஷத்தில் தேசத்துக்கே ஆள் கிடைக்கும். நீங்கள் செய்ய வேண்டியது: அந்த இரண்டு பையன்களையும் ஏற்கெனவே ஓடுகிற ஒரு கோஜென் ஆலையில் ஒரு சீசன் விடுங்கள், அவரவர் பேரிலேயே சான்றிதழ் வாங்கச் செய்யுங்கள், சம்பளத்தை உயர்த்துங்கள். டர்பைன் ஆர்டர் அதற்குப் பிறகு. ஸ்டீம் அளந்தீர்களா என்று உங்களையும் கேட்கிறேன்.

கே: சீமைக்கருவேல விறகு எரிக்கலாமா? (நாங்குநேரி)

ப: தாராளமாக. வெட்டியதை நன்றாகக் காயவிட்டு, சின்னதாக நறுக்கிப் போடுங்கள். சாம்பலில் உப்புச் சத்து உண்டு, அது சூப்பர்ஹீட்டர் குழாயில் உருகி ஒட்டும், அதனால் குழாயில் படிந்த சாம்பலை ஊதித் தள்ளும் சூட் ப்ளோயரை (soot blower) ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஓட்டுங்கள். வைக்கோல் இதைவிட மோசம், அதை அதிகம் கலக்காதீர்கள்.

கே: கிணற்றுத் தண்ணீருக்கு சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம், டர்பைனுக்கு அது போதுமா? (ஆலங்குளம்)

ப: போதாது. சாஃப்ட்னர் கடினத்தன்மையை மட்டும்தான் எடுக்கும். கரைந்த உப்பும் சிலிக்காவும் அப்படியே இருந்து டர்பைன் பிளேடில் படியும். கரைந்த உப்புகளையும் எடுத்துவிடும் டி.எம். பிளாண்ட் வேண்டும். தண்ணீரைப் பரிசோதிக்காமல் எந்த பாய்லருக்கும் விலை கேட்காதீர்கள்.

கே: முப்பந்தல் காற்றாலை பக்கத்திலேயே இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? (காவல்கிணறு)

ப: காற்றாலை கரண்ட் தரும், ஸ்டீம் தராது. ஆலைக்கு இரண்டும் வேண்டும். ஆனி ஆடிக் காற்று ஐப்பசியில் இருக்காது.

கே: சக்கையில் கரண்ட் எடுத்து ஆலை விற்கிறது. கரும்புக்காரனுக்குப் பங்கு இல்லையா? (புளியங்குடி)

ப: கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. டன் கரும்புக்கு 300 கிலோ சக்கை, அது உங்கள் வயலில் விளைந்தது. மத்திய அரசின் கரும்பு விலை சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பில் எத்தனை சதவீதம் சர்க்கரை கிடைக்கிறது என்பதை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. 2012ல் மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு சக்கை, மொலாசஸ் மாதிரி துணைப்பொருள்களின் மதிப்பையும் சேர்த்து அதில் 70 சதவீதம் விவசாயிக்கு என்று பரிந்துரைத்தது. சங்கத்தில் அதை எடுத்துப் பேசுங்கள்.

கே: இ.பி. லைன் போனாலும் நம் டர்பைன் ஓடுமா? (கல்லிடைக்குறிச்சி)

ப: சிங்க்ரோனஸ் ஜெனரேட்டரும் லைனைத் தானாகத் துண்டிக்கும் ரிலேயும் இருந்தால் ஓடும். விலை குறைவென்று, லைனை நம்பியே ஓடும் இண்டக்ஷன் ஜெனரேட்டர் வாங்கினால் லைனோடு அதுவும் நின்றுவிடும்.