டிரைவர் சீட்டிலிருந்து மலை ரயில்: தலை சுற்றாமல் பார்ப்பது எப்படி?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. ரயில் பயணம் என்றால் அவருக்கு உயிர். முழங்கால் வலியால் இப்போது எங்கும் போவதில்லை. எஞ்சினின் முன்கண்ணாடி வழியாக எடுத்த மலைப்பாதை வீடியோ ஒன்றை டிவியில் போட்டுக் கொடுத்தேன். ஆசையாகத்தான் உட்கார்ந்தார், கால் மணி நேரத்தில் தலையைச் சுற்றுகிறது என்று எழுந்துவிட்டார். மரங்கள் அடர்ந்த இடங்களில் படமும் குழம்பிப்போகிறது. நடுநடுவே ‘பீப்’ சத்தம் வேறு. டிவிதான் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டார். அவர் நிம்மதியாகப் பார்க்க என்ன செய்யலாம்? எந்தப் பாதையில் தொடங்கலாம்?

பதில்: முதலில் தலைசுற்றலைப் பார்த்துவிடுவோம். ஸ்டேஷனில் நம் ரயில் நின்றுகொண்டிருக்கும். பக்கத்து லைனில் நிற்கும் ரயில் மெல்ல நகரும். நாம்தான் கிளம்பிவிட்டோம் என்று ஒரு கணம் உடம்பு நம்பிவிடும். கேப் வியூ, கேப் ரைடு என்ற பெயர்களில் வரும் இந்த வீடியோக்களில் அந்த ஏமாற்றம் இடைவிடாமல் நடக்கிறது. முன்னால் போகிறோம் என்று கண் சொல்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறோம் என்று உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது கிறுகிறுப்பும் குமட்டலும் வரும். திடமான இளைஞர்களுக்கும் இது வருவதுண்டு, அதனால் அம்மா பயப்பட வேண்டாம். வீடியோ பார்க்காத நேரத்திலும் தலை சுற்றினால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மலைப்பாதையில் இது ஏன் கூடுகிறது என்றால், வளைவுகளில் ஒரு தண்டவாளத்தை மற்றதைவிடச் சற்று உயர்த்திப் போட்டிருப்பார்கள். ரயில் சாயும்போது கேமராவும் கூடவே சாயும், அடிவானம் கோணலாகும். ரயிலுக்குள் இருந்தால் உடம்பும் சேர்ந்து சாய்வதால் அது உறுத்தாது. நாற்காலியில் இருப்பவருக்கு உறுத்தும்.

நாற்காலியை டிவியிலிருந்து தள்ளிப் போடுங்கள். திரை பார்வை முழுவதையும் நிறைக்கக் கூடாது. திரையைச் சுற்றிச் சுவர், அலமாரி, ஜன்னல் என்று அசையாத பொருட்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அறையை இருட்டாக்க வேண்டாம். டிவிக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்தால் நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பார்வை எங்கே இருக்கிறது என்பது. புதிதாகப் பார்ப்பவர்களின் கண் திரையின் ஓரத்தில் சர்ரென்று பின்னால் ஓடும் கம்பங்களையும் கீழே ஓடும் ஜல்லியையும் துரத்தும். தண்டவாளங்கள் இரண்டும் ஒன்று சேர்வதுபோல் தெரியும் அந்தத் தொலைதூரப் புள்ளியில் கண்ணை வைக்கச் சொல்லுங்கள். ரயில் ஓட்டுபவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் பத்துப் பத்து நிமிடம் போதும். லேசாகக் கிறுகிறுத்தாலே நிறுத்திவிட வேண்டும். ‘பழகிவிடும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பது வேண்டாம். அப்படிப் பார்த்து இந்த வீடியோ பக்கமே திரும்பாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

படம் குழம்புவதற்குக் காரணம் வேறு. இணையத்தில் வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது, முந்தைய காட்சியிலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பி இடத்தை மிச்சப்படுத்துவார்கள். செய்தி வாசிப்பவரின் முகம் மட்டும்தான் அசையும், பின்னணி அப்படியே இருக்கும். அங்கே இது சுலபம். ரயிலின் முன்பக்கக் காட்சியிலோ ஒவ்வொரு இலையும், ஒவ்வொரு ஜல்லிக் கல்லும், பனி பெய்தால் ஒவ்வொரு துகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கிடைக்கும் டேட்டாவுக்குள் அத்தனையும் அடங்காதபோது இலைகள் பச்சைச் சேறாகிவிடும்.

தரத்தைத் தானியங்கியில் விடாமல் 4கே, அதாவது 2160 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். யூடியூபில் அதற்கு ஏறக்குறைய 20 எம்பிபிஎஸ் வேகம் தேவை. 1080-க்கு 5 எம்பிபிஎஸ் போதும். முழு 20-ஐயும் எடுத்தால் மணிக்கு 9 ஜிபி வரை போய்விடும், டேட்டா அளவு கட்டுப்பட்ட இணைப்பு என்றால் கவனம். அடுத்து டிவி செட்டிங்கில் மோஷன் என்ற சொல் வரும் அமைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் இருக்கும். இரண்டு காட்சிகளுக்கு நடுவே டிவியே ஒரு காட்சியைக் கற்பனை செய்து செருகும் வேலை அது. வேகமாக நெருங்கும் மின்கம்பங்களில் அதன் கணக்குத் தப்பும். கம்பம் உடைந்து, நெளிந்து, மறுபடி ஒட்டிக்கொள்ளும். இந்த ஒன்றை அணைத்தாலே பலருக்குத் தலைபாரம் குறைந்திருக்கிறது. நொடிக்கு 50 அல்லது 60 காட்சி வீதம் எடுத்த வீடியோக்களில் ஓட்டம் இயல்பாகவே வழுக்கிக்கொண்டு போகும். அவற்றைத் தேடி எடுங்கள்.

‘பீப்’ சத்தத்துக்கும் டிவிக்கும் சம்பந்தமில்லை. டிரைவர் விழிப்போடு இருக்கிறாரா என்று எஞ்சின் கேட்கும் கேள்வி அது. குறிப்பிட்ட இடைவெளிக்குள் அவர் ஒரு பெடலையோ பட்டனையோ இயக்க வேண்டும். இயக்காவிட்டால் எச்சரிக்கை ஒலிக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாக விழும். வேகக் கட்டுப்பாட்டையும் சிக்னலையும் கண்காணிக்கும் கருவிகளும் இப்படி ஒலி எழுப்பும். ஐரோப்பிய வீடியோக்களில் தண்டவாளங்களுக்கு நடுவே, அவற்றைத் தாங்கும் குறுக்குக்கட்டையான ஸ்லீப்பர் மேல் தட்டையான பெட்டி ஒன்று அங்கங்கே தெரியும், பல இடங்களில் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சிக்னல், வேகம் பற்றிய தகவலை எஞ்சினுக்குக் கொடுப்பது அதுதான். அம்மாவிடம் காட்டுங்கள். ஜப்பானிய வீடியோவில் டிரைவரின் குரலே கேட்கலாம். ஒவ்வொரு சிக்னலையும் கையால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வது அங்கே பணிமுறை. பின்னணி இசை சேர்த்த வீடியோக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலத்தில் ஏறும்போது சக்கர ஓசை மாறுவதும், சுரங்கத்துக்குள் நுழைந்ததும் சத்தம் நம்மேல் கவிழ்வதும் பயணத்தில் பாதி. அதை ஒரு பியானோவுக்குக் கீழே புதைத்துவிடுகிறார்கள்.

இனி பாதை. நீங்கள் மரமடர்ந்த மலைப்பாதையில் தொடங்கியதுதான் சிக்கல். நார்வேயின் பெர்கன் பாதையை எடுங்கள், ஆனால் ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டாம். பெர்கனிலிருந்து ஓஸ்லோ போகும் வீடியோவில் ஃபின்ஸே ஸ்டேஷனைத் தேடி அங்கிருந்து ஓட விடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரம். பொதுச் சாலை எதுவும் எட்டாத ஊர், ரயிலில்தான் போய்ச் சேர வேண்டும். அங்கே மரமே கிடையாது. பாறை, ஏரி, பனி, திறந்த வானம், அவ்வளவுதான். பக்கத்தில் விரைந்து ஓடும் பொருட்கள் குறைவு என்பதால் தலை சுற்றாது. இலைகள் இல்லாததால் படமும் அவ்வளவாகக் குழம்பாது. உங்கள் இரண்டு சிக்கலுக்கும் அந்த நிலமே பாதி மருந்து.

ஃபின்ஸேவுக்கு மேற்கே 10 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கம் ஒன்று இருக்கிறது. பழகிய பிறகு அதையும் பார்க்கலாம். இருட்டில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றி, நெடுநேரம் வளராமல் நின்று, கடைசியில் சட்டென்று திரை முழுக்க வெளுக்கும். இரண்டு நொடி கழித்துக் கேமரா சுதாரித்துக்கொள்ள, பனிமலை மெதுவாக உருவாகும். 2009-இல் இந்தப் பாதை நூற்றாண்டு கண்டபோது, நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே ஏழு மணி நேரத்துக்கும் மேலான முழுப் பயணத்தையும் வெட்டாமல் ஒளிபரப்பியது. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஆறஅமரப் பார்க்கும் ‘ஸ்லோ டிவி’ அங்கிருந்துதான் பரவியது. சுரங்கங்கள் வரும்போது மட்டும் பழைய ஆவணக் காட்சிகளைச் செருகியிருந்தார்கள். யூடியூபில் ரயில்கவ்கேர்ல் என்ற சேனலில் இந்தப் பாதை பல பருவங்களில் கிடைக்கும். நடத்துபவர் நார்வேயில் ரயில் ஓட்டுபவர்.

பெர்கன் பாதை பெரும்பாலும் ஒற்றை லைன் என்பதால், எதிர் ரயிலுக்கு வழிவிட நடுவே லூப் லைன் எனும் பக்கத் தண்டவாளத்தில் ரயில் நின்றுவிடும். சில நிமிடம் எதுவும் நடக்காது. அதைத் தாண்டிவிடாதீர்கள். தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்து, எதிர் ரயில் பக்கத்தில் கடந்து, முன்னால் தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட் நகர்ந்து, சிக்னல் மாறுவதை டிரைவரோடு சேர்ந்து காத்திருந்து பார்ப்பது ஜன்னலோர சீட்டில் கிடைக்காத அனுபவம். நின்றிருக்கும் நேரத்தில் மேலே பாருங்கள்: மின்கம்பி நேராகப் போகாமல் ஒரு கம்பத்தில் இடமாகவும் அடுத்ததில் வலமாகவும் ஒதுங்கி ஒதுங்கிப் போகும். எஞ்சின் மேலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃப் ஒரே இடத்தில் தேயாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எல்லா வீடியோவிலும் தெரியும்.

அடுத்தது அதே பாதையில் மிர்டாலிலிருந்து பிரிந்து கடலோரத்துக்கு இறங்கும் ஃப்ளோம் கிளை. 20 கிலோமீட்டர், 20 சுரங்கம், 860 மீட்டருக்கு மேல் இறக்கம். செங்குத்தான இடங்களில் 1,000 மீட்டருக்கு 55 மீட்டர் சரிவு. மேலேறும் ரயிலுக்கு 40 கிலோமீட்டர் வேகம் அனுமதி, இறங்கும் ரயிலுக்கு 30தான். கனத்த ரயிலை ஏற்றுவதைவிடப் பிடித்து இறக்குவது கடினம் என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. மெதுவாகப் போவதால் அம்மாவுக்கும் தோது. கியோஸ்ஃபோசன் அருவிக்கருகில் ரயில் நிற்கும். சாரல் கண்ணாடியில் அடித்து வைப்பர் ஓடினால் உங்களுக்கு யோகம்.

ஒரு மாதம் கழித்து சுவிட்சர்லாந்து. பெர்னினா பாதை 2,253 மீட்டர் உயரத்திலிருந்து இத்தாலியின் டிரானோவுக்கு, 429 மீட்டருக்கு, சரிவில் பற்றிக்கொள்ள உதவும் பல்சக்கரம் இல்லாமலேயே இறங்குகிறது. புருசியோவில் சரிவைக் குறைக்க ரயில் திறந்தவெளியில் முழு வட்டம் அடித்து, சற்றுமுன் கடந்த பாலத்தின் வளைவுக்கு அடியிலேயே நுழைந்து வெளியேறும். பக்கத்து ஜன்னலில் பார்ப்பவர்கள் வட்டத்தை அனுபவிக்கலாம். அந்த வளைவு வாய் திறந்து நம்மை நோக்கி வருவது டிரைவர் பார்வையில்தான். ஆல்புலா பாதையின் லாண்ட்வாசர் பாலமும் அப்படித்தான். 65 மீட்டர் உயரத்தில் வளைந்து போகும் பாலம் நேராக ஒரு பாறைச் சுவரில் முடியும், சுவரில் ஒரு துளை. அங்கே கரை என்று எதுவும் கிடையாது. ஆனால் இவை வளைவு நிறைந்த பாதைகள். தொலைதூரப் புள்ளியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்த பிறகே போடுங்கள்.

நீளமாக ஏதாவது வேண்டும் என்று அவரே கேட்கும் நாள் வந்தால், நார்வேயில் டிரான்ஹைமிலிருந்து பூடோ வரை 729 கிலோமீட்டர் போகும் நூர்லாண்ட் பாதை இருக்கிறது. வழியில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும். என்ஆர்கே அதை நான்கு பருவத்திலும் படம்பிடித்திருக்கிறது. ஒரே வளைவை வெயிலிலும் பனியிலும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். பத்து மணி நேரத்தையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம், தினம் ஒரு ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசியாகச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் பழைய காட்ஹார்ட் மலைப்பாதை, 1882-இல் திறந்தது. மலைக்குள் சுருண்டு சுருண்டு உயரம் ஏறுவதால் வாஸ்ஸன் ஊரின் சிறிய தேவாலயம் மூன்று முறை வரும்: தெற்கு நோக்கி ஏறும்போது முதலில் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், பிறகு ஏறக்குறைய எதிரே, கடைசியில் கீழே. முன்பக்கக் கேமராவில் ஒவ்வொரு முறையும் சில நொடிதான் சிக்கும். எத்தனை முறை பார்த்தார் என்று அம்மாவை எண்ணச் சொல்லுங்கள். வீடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பில் மலைப்பாதை என்று இருக்கிறதா, கோஷெனன் ஸ்டேஷன் வழியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். 2016-இல் திறந்த புதிய அடிவாரச் சுரங்கத்தின் வீடியோ மாறி வந்துவிட்டால், 57 கிலோமீட்டருக்கு இருட்டு மட்டும்தான் ஓடும்.