முகட்டுக்குள் சத்தம் கேட்டால் ஓட்டையை உடனே அடைக்கலாமா?

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் வீடு. குளிர் தொடங்கியதிலிருந்து முகட்டுக்குள், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில், ஏதோ ஓடுகிறது. கூரை ஓரத்தில் ஓர் ஓட்டையும் தெரிகிறது. அடைத்துவிடலாமா?

இன்றைக்கே அடைக்காதீர்கள். உள்ளே இருப்பதையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். ரக்கூன் (பூனையைவிடப் பெரிய, இரவில் திரியும் காட்டுப்பிராணி) என்றால் வெளியேற வழி தேடி வேறு பக்கத்தால் கூரையைக் கிழிக்கும். அணில் என்றால் கண்டதையும் கடித்துக் குதறும், இல்லாவிட்டால் அங்கேயே செத்து நாறும்.

முதலில் ஆள் யாரென்று கண்டுபிடியுங்கள். விடியற்காலையிலும் பகலிலும் குடுகுடுவென்று ஓடினால் அணில். இருட்டிய பிறகு தொம் தொம் என்று நடை கேட்டால் பெரும்பாலும் ரக்கூன். இரவில் சுவருக்குள் மெல்லிய சுரண்டல் என்றால் சுண்டெலி. அதற்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும்.

கடுங்குளிரில் சத்தம் நின்றால் போய்விட்டது என்று நம்பவேண்டாம். ரக்கூன் குளிர்காலம் முழுக்க உறங்கும் பிராணி அல்ல, ஆனால் குளிர் உச்சத்தில் நாட்கணக்கில் வெளியே வராமல் கிடக்கும். அதனால் ஓட்டைக்குள் பழைய பேப்பரைக் கசக்கி லேசாகச் செருகிப் பாருங்கள். குளிர் தணிந்த இரண்டு மூன்று இரவுகள் போயும் பேப்பர் அசையவில்லை என்றால் உள்ளே யாரும் இல்லை. தள்ளியிருந்தால் ஒருவழிக் கதவு பொருத்தவேண்டும். வெளியே போகலாம், திரும்ப நுழைய முடியாது. போனது உறுதியானபின் அரை அங்குலக் கண்ணுள்ள கால்வனைஸ் கம்பிவலையால் அடையுங்கள். சுண்டெலி அதற்குள்ளாலும் புகும், அதன் வழிகளை உலோகக் கம்பளியால் (ஸ்டீல் வூல்) அடைக்கவேண்டும். ஸ்ப்ரே ஃபோம் மட்டும் அடித்தால் எல்லாமே கடித்துத் துப்பிவிட்டு வரும்.

இந்த வேலையைத் தை மாதம் தாண்ட விடாதீர்கள். பெப்ரவரி கடைசியிலிருந்தே அணில் குட்டி போடத் தொடங்கும், ரக்கூன் பெரும்பாலும் ஏப்ரல், மே. குட்டிகள் உள்ளே இருக்கத் தாயை வெளியே தள்ளினால் அதைவிடப் பெரிய தலையிடி இல்லை.

பொறியில் பிடித்து ரூஜ் பூங்காவில் கொண்டுபோய் விடச் சொல்லும் ஆக்கள் நிறைய. ஒன்ராறியோவில் பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள்தான் விடலாம், அதுதான் சட்டம். பழக்கமில்லாத இடத்தில் நடுக்குளிரில் விடப்பட்ட பிராணி பிழைப்பதும் கஷ்டம். ஓட்டை திறந்திருக்கும்வரை அடுத்தது வந்து குடியேறும்.

ரக்கூன் எச்சத்தைக் கண்டால் உலர்ந்தபடி கூட்டவேண்டாம். அதில் மனிதருக்கும் தொற்றக்கூடிய உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். கையுறை, முகமூடி போட்டு, நனைத்து அள்ளுங்கள். டெக் (வீட்டுக்கு வெளியே உள்ள மரத்தளம்) போன்ற இடமென்றால் பிறகு கொதிநீர் ஊற்றுங்கள்.

இன்னொன்று, எங்கள் ஆக்களுக்கென்றே. புரட்டாசிச் சனிக்குக் காகத்துக்கு வைக்கும் சோற்றைக் காகம் மட்டும் தின்பதில்லை. குளிருக்கு இடம் தேடி ரக்கூனும் எலியும் அலையும் காலமும் அதுதான். வைத்தால் நின்று பார்த்து, மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். கராஜில் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டைகளையும் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகளுக்கு மாற்றுங்கள். சாக்கைக் கடிக்கச் சுண்டெலிக்கு ஒரு இரவு போதும்.

கூரையில் ஏறுவது நீங்களாக இருக்கவேண்டாம், பனியில் வழுக்கும். ஆள் கூப்பிட்டால் பிடிக்க எவ்வளவு என்று கேட்கவேண்டாம். அடைத்த ஓட்டைக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.