டெப்போ ஊசி வழக்கு: முதலில் குப்பி யாருடையது என்று பாருங்கள்

வணக்கம் தங்கச்சி. பின்னால் படிப்பவர்களுக்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் நியூ ஜெர்சி எடிசன் வந்து ஒன்றரை வருடம். திருச்சி அரசு மருத்துவமனையில் இரண்டு வருடம் அந்தரா (அரசு தரும் கருத்தடை ஊசி), இங்கே ஒரு கிளினிக்கில் அதே மருந்தான டெப்போ ஊசி ஐந்து. தலைவலிக்காக எடுத்த எம்ஆர்ஐயில் போன மாதம் மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றிய உறையில் வளரும் கட்டி) என்று வந்திருக்கிறது. டிவி விளம்பரத்தில் வந்த எண்ணுக்குக் கூப்பிட்டீர்கள். அன்றிலிருந்து தினம் யாராவது போன் செய்து "இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். வழக்குப் போடலாமா, விசாவுக்கு ஆபத்தா?

விசா பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். இது சிவில் வழக்கு. இழப்பீடு கேட்பது குற்றமும் இல்லை, வேலை பார்ப்பதும் இல்லை. நடுவில் ஊர் திரும்ப நேர்ந்தாலும் வக்கீல் மூலம் வழக்கு நடக்கும். வாக்குமூலம் கொடுக்க மட்டும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

இனி உடம்பு. 2024 மார்ச்சில் பிஎம்ஜே இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வுதான் இந்த வழக்குகளைக் கிளப்பிவிட்டது. மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் (டெப்போ, அந்தரா இரண்டிலும் உள்ள ஹார்மோன்) ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டுக்கொண்ட பெண்களுக்கு, அறுவை சிகிச்சை வரை போகும் மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு சுமார் 5.5 மடங்கு கூடுதல் என்றது அது. மடங்குக் கணக்கைக் கேட்டு அரண்டுவிடாதீர்கள். அறுவை செய்துகொண்ட 18,061 பெண்களில் இந்த ஊசி போட்டிருந்தவர்கள் 9 பேர். ஒப்பிட எடுத்த 90,305 பேரில் 11 பேர். அரிதான ஒன்று கொஞ்சம் அரிது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கட்டி வந்துவிட்ட உங்களுக்குக் கேள்வி வேறு. இந்தக் கட்டிகள் பலவற்றில் புரொஜெஸ்டிரோன் ஏற்பிகள் இருக்கும், அந்த வகை ஹார்மோன் கட்டிக்குத் தீனி போலாகலாம். எனவே அடுத்த ஊசி தேதிக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் எம்ஆர்ஐ அறிக்கையைக் காட்டி, மாற்று முறை கேளுங்கள். கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஹார்மோன் சாதனத்தில் (ஐயுடி) கூடுதல் அபாயம் தென்படவில்லை என்றது அதே ஆய்வு. ஹார்மோனே வேண்டாம் என்றால் காப்பர்-டி.

வழக்குக்கு வருவோம். டெப்போவைத் தயாரிக்கும் ஃபைசர் மீதான ஃபெடரல் வழக்குகளை 2025 பிப்ரவரியில் ஒன்றுசேர்த்து, ஃப்ளோரிடா பென்சகோலாவில் நீதிபதி கேசி ராட்ஜர்ஸிடம் கொடுத்தார்கள். பல வழக்குகளை ஒரே நீதிபதியிடம் சேர்க்கும் இந்த முறைக்கு எம்டிஎல் என்று பெயர், இதன் எண் 3140. இதைக் கிளாஸ் ஆக்ஷன் (எல்லோருக்குமாக ஒரே வழக்கு) என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். விசாரணை முறைதான் பொது. உங்கள் ஃபைல், உங்கள் ஆதாரம், உங்கள் தொகை எல்லாம் தனி. ஆதாரம் ஓட்டையாக இருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விட முடியாது.

ஓட்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழுகிறது: உங்கள் கையில் ஏறிய மருந்துக் குப்பி யாருடையது? போட்டோகாப்பிக்கெல்லாம் நாம் ஜெராக்ஸ் என்று சொல்கிற மாதிரி, இங்கே நர்ஸ்கள் எந்தக் கம்பெனி ஊசியானாலும் சார்ட்டில் "டெப்போ 150 மிகி ஐஎம்" என்றே எழுதிவிடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பிராண்ட் கம்பெனி மீது எச்சரிக்கைக் குறைபாட்டுக்கு வழக்குப் போடலாம் என்று 2009இல் வையத்–லெவின் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மருந்தை நகலாகச் செய்து விற்கும் ஜெனரிக் கம்பெனி பிராண்டின் லேபிளை அப்படியே நகல் எடுக்கக் கடமைப்பட்டது, அதனால் அதன்மேல் அந்தக் காரணத்தைச் சொல்லி வழக்குப் போட முடியாது என்று 2011இல் பிலீவா–மென்சிங் தீர்ப்பில் சொன்னது. ஒரே மருந்து, ஒரே கட்டி. குப்பி ஜெனரிக் என்றால் உங்கள் வழக்கு ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. அநியாயம்தான், ஆனால் நிலைமை இது. நடுவில் ஒரு வகை உண்டு: பிராண்டின் அதே அனுமதியின் கீழ், வேறு பெயரில் விற்கப்படும் "ஆதரைஸ்ட் ஜெனரிக்". கிரீன்ஸ்டோன், பிராஸ்கோ என்ற பெயர்களைப் பார்த்தால் ஜெனரிக் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவை இந்த வழக்கில் வரும்.

எனவே வக்கீலுக்கு முன்னால் ரெக்கார்ட். "என் மெடிக்கல் ரெக்கார்ட் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் விசிட் சுருக்கம் நாலு பக்கம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: "எனக்குப் போட்ட ஒவ்வொரு மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் ஊசிக்கும் மெடிகேஷன் அட்மினிஸ்ட்ரேஷன் ரெக்கார்ட், தேதி, அளவு, தயாரிப்பாளர், லாட் எண், என்டிசி எண்." ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் சட்டப்படி 30 நாளில் தர வேண்டும். என்டிசி என்பது மருந்தின் அடையாள எண்; அதன் முதல் தொகுதி எண்கள் கம்பெனியைக் காட்டிக்கொடுக்கும்: 0009 என்றால் ஃபைசரின் ஃபார்மசியா அண்ட் அப்ஜான், 59762 கிரீன்ஸ்டோன், 66993 பிராஸ்கோ. சார்ட்டில் அந்த எண் இல்லையென்றால் விட்டுவிட வேண்டாம். மருந்தை ஃபார்மசியில் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டிருந்தால் ஃபார்மசி பிரிண்ட்அவுட்டில் இருக்கும். கிளினிக்கே வைத்திருந்த மருந்து என்றால், லாட் எண்ணையும் தேதியையும் சொல்லி அந்த மாதக் கொள்முதல் பில்லை வக்கீல் கேட்டு வாங்கலாம். இன்ஷூரன்ஸ் கிளெய்மில் ஜே1050 என்ற கோட், 150 யூனிட் என்று இருக்கும். ஊசி போட்டதற்கு அது சாட்சி. ஆனால் அந்தக் கோட் பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் பொது என்பதால் குப்பிக் கேள்விக்கு அது மட்டும் போதாது. நியூ ஜெர்சியில் டாக்டர்கள் ரெக்கார்டை 7 வருடம் வைத்திருக்க வேண்டும், அதனால் உங்கள் ஐந்து ஊசிக்கும் தாள் இருந்தாக வேண்டும். கிளினிக் மூடவோ கைமாறவோ செய்தால் தேடுவது பெரும்பாடு; இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

திருச்சி ஊசிகளை என்ன செய்வது? மறைக்காதீர்கள். அந்தரா திட்டத்தில் வந்த சப்ளையை இங்கே ஃபைசர் கணக்கில் எழுத முடியாது. "இரண்டு வருடம் வேறு கம்பெனி மருந்து, இங்கே ஐந்தே ஊசி, கட்டிக்கு எது காரணம்?" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். உங்கள் ஃபைலின் பலவீனம் இதுதான், இதை முதல் நாளே வக்கீலிடம் சொல்லுங்கள். அந்தரா அட்டை வீட்டில் இருந்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் அவர்களாகக் கண்டுபிடித்தால் நீங்கள் சொல்கிற மற்றதையும் நம்ப மாட்டார்கள். இதே காரணத்துக்காக, தலைவலி பற்றியோ ஊசி பற்றியோ ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தால் இப்போது அழிக்காதீர்கள், புதிதாகவும் எழுதாதீர்கள்.

நியூ ஜெர்சியில் வழக்குப் போடக் கெடு 2 வருடம். பாதிப்பும் அதன் காரணமும் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். எம்ஆர்ஐ அறிக்கைத் தேதியையே தொடக்கமாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. ஆக, இரண்டு மாதம் ரெக்கார்ட் சேர்க்க உங்களுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. "இன்றைக்கே" என்பது கூப்பிடுகிறவரின் கமிஷன் அவசரம்.

ஃபைசரின் பெரிய கேடயம் என்ன? "2024இல் எச்சரிக்கை சேர்க்க நாங்களே எஃப்டிஏவிடம் (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) கேட்டோம், அவர்கள் மறுத்தார்கள், ஃபெடரல் சட்டம் தடுத்ததை மாநிலச் சட்டம் கேட்க முடியாது" என்பது. பெண்கள் தரப்பின் பதில்: கனடா லேபிளில் 2015 முதலே மெனிஞ்சியோமா இருக்கிறது, இங்கே ஏன் அத்தனை தாமதம்? வக்கீலைப் பார்க்கப் போகும்போது இந்தத் தகராறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லத் தெரியாதவர் ஃபைல் பிடித்து வேறு ஆபீஸுக்கு விற்கிற ஆள்.

நீங்கள் நியூ ஜெர்சியில் இருப்பது ஒரு வகையில் அனுகூலம். பல மாநிலங்களில் கம்பெனி டாக்டரை எச்சரித்தாலே போதும், நோயாளியிடம் சொல்ல வேண்டியது டாக்டர் பாடு. கையில் பதிக்கும் நார்பிளான்ட் குழல்கள் பற்றிய பெரெஸ் வழக்கில் இந்த மாநில உச்ச நீதிமன்றம் 1999இல் அதை உடைத்தது: பெண்களிடமே நேராக விளம்பரம் செய்து விற்ற கம்பெனி டாக்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது என்றது. பாதகமும் உண்டு. எஃப்டிஏ ஒப்புக்கொண்ட லேபிளைப் போதுமானது என்றே அனுமானிக்கச் சொல்கிறது இங்குள்ள பொருள் பொறுப்புச் சட்டம். அதை உடைக்கும் பாரம் நம் தரப்புக்கு.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: கட்டணம் வெற்றி பெற்றால் மட்டும், பொதுவாக 33 முதல் 40 சதவீதம். ரெக்கார்ட், நிபுணர் செலவைக் கழிப்பது சதவீதத்துக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள், கைக்கு வரும் தொகையே மாறும். தோற்றால் செலவு யார் தலையில்? உங்கள் ஃபைலை வேறு ஆபீஸுக்கு அனுப்புவார்களா? முன்பணம் கேட்டால் போனை வையுங்கள். இரண்டு ஆபீஸில் கையெழுத்துப் போட்டால் இருவரும் பங்கு கேட்பார்கள். "வழக்கு முடியும்வரை கடன் தருகிறோம்" என்பவர்களின் வட்டி நம் ஊர் மீட்டர் வட்டிக்குத் தம்பி. தொகை வந்தால், சிகிச்சைக்குக் கொடுத்த பணத்தை இன்ஷூரன்ஸ் திரும்பக் கேட்கலாம். உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்குப் பொதுவாக ஃபெடரல் வருமான வரி இல்லை, ஆனால் ஏற்கெனவே வரிச்சலுகை எடுத்த மருத்துவச் செலவு இருந்தால் கணக்காளரிடம் கேளுங்கள்.

இப்போதைக்கு ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம் என்று நரம்பியல் அறுவை மருத்துவர் சொல்லியிருந்தால் அதன்படியே இருங்கள். வழக்குக்குப் பலம் என்று யார் சொன்னாலும் தலையைத் திறக்காதீர்கள். அறுவை தேவைப்பட்டால் தேதி குறித்த உடனே வக்கீலிடம் சொல்லுங்கள். எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைக்கும் பாரஃபின் பிளாக்கைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி பேத்தாலஜி பிரிவுக்கு அவர் முன்கூட்டியே கடிதம் அனுப்ப வேண்டும். அறிக்கையில் புரொஜெஸ்டிரோன் ஏற்பிப் பரிசோதனையும் சேர்க்க முடியுமா என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.