"செஞ்சா என்ன தருவ?" என்று பிள்ளை பேரம் பேசினால்

கேள்வி: தக்கலை பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது, மகளுக்கு 5. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். பல் தேய்ப்பது முதல் வீட்டுப்பாடம் வரை எட்டு வேலைகளை எழுதி, சுவரில் சார்ட் ஒட்டி ஸ்டார் கொடுத்தேன். இரண்டு வாரம் நன்றாகப் போனது. இப்போது தண்ணி எடுத்து வா என்றால்கூட "செஞ்சா என்ன தருவ?" என்கிறான். தொடரவா, நிறுத்தவா?

பதில்: தொடருங்கள், ஆனால் இந்தச் சார்ட் வேண்டாம். எட்டு வேலை மிக அதிகம். அதோடு, ஏற்கெனவே சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்கும் விலை வைத்துவிட்டீர்கள். பிறகு அவன் பேரம் பேசாமல் என்ன செய்வான்?

தொடங்கவே மனம் வராத வேலைக்குத்தான் பரிசு. பிள்ளை விரும்பிச் செய்வதற்குப் பரிசு கொடுத்தால் விருப்பம் குறையும். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் படம் வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், அடுத்த வாரங்களில் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆகவே மகள் வரைவதற்கும், மகன் ஆசையாகச் செடிக்குத் தண்ணீர் விடுவதற்கும் பரிசு வேண்டாம்.

பழைய சார்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் சும்மா இருங்கள். அதில் மூன்று நாள், எந்த வேலையை எத்தனை தடவை சொன்ன பிறகு செய்கிறான் என்று காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள். பிறகு மூன்றே மூன்று வேலை. அதுவும் கண்ணால் பார்த்து 'ஆச்சு', 'ஆகல்ல' என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'ஒழுங்கா இரு' என்பதை யாராலும் அளக்க முடியாது. அங்கேதான் சண்டை வரும். மகனுக்கு இப்படி வைக்கலாம்: பள்ளி விட்டு வந்த 10 நிமிடத்தில் யூனிபார்மைக் கழற்றிக் கூடையில் போட்டு, டிபன் பாக்ஸை அடுக்களையில் வைப்பது. மாலை 6.30-க்குப் புத்தகத்தோடு உட்காருவது. படுக்கும் முன் மறுநாள் பையை அடுக்குவது. இரண்டாவதில் கவனியுங்கள், பாடத்தை 'முடித்தால்' என்று சொல்லவில்லை. முடித்தால் பரிசு என்றால் கிறுக்கித் தள்ளிவிட்டு ஓடி வருவான். பல பிள்ளைகளுக்கு உட்காருவதுதான் சிரமம். உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டாருக்குப் பதில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலும், தையல் சாமான் கடையில் ஒரே நிறப் பட்டன்களும் வாங்குங்கள். புளியங்கொட்டை, மஞ்சாடிக்குரு எல்லாம் வேண்டாம். முற்றத்திலும் அடுக்களையிலும் கிடப்பதை அவனே பொறுக்கிப் போட்டுக்கொள்வான். வேலை முடிந்த அந்த நிமிடமே பட்டனை அவன் கையில் கொடுத்து, அவனே போடட்டும். "சொல்லாமலே பாக்ஸ எடுத்து வச்சிட்ட மக்களே" என்று செய்த செயலைச் சொல்லிக் கொடுங்கள். ராத்திரி மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் எதற்குக் கிடைத்தது என்பது அவன் மனதில் பதியாது.

இனி கணக்கு. ஒரு நாளுக்கு 3, பள்ளி நாள் 5-க்கு 15 பட்டன். சின்னப் பரிசு 3 பட்டன். வாரப் பரிசுக்கு சனிக்கிழமை 10 சேர்ந்திருந்தால் போதும். 15-உம் வேண்டும் என்று வைத்தால் திங்கட்கிழமை ஒன்று தவறியதுமே "இனி எதுக்கு" என்று விட்டுவிடுவான். சார்ட் படுத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். அந்த மூன்று நாள் குறிப்பில் மிக மோசமாக இருந்தால் முதல் வாரம் 6 போதும். முதல் வாரத்தில் அவன் ஜெயித்தே ஆக வேண்டும்.

பரிசு காசாகவோ பொம்மையாகவோ வேண்டாம். 3 பட்டனுக்கு: ராத்திரி எந்தக் கதை என்று அவன் முடிவு செய்வது, 20 நிமிடம் கூடுதலாக சைக்கிள். 10 பட்டனுக்கு: ஞாயிறு சாயங்காலம் முட்டம் கடற்கரை, அல்லது மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒரு நடை. மழை வந்தால் என்ன என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மொபைலைப் பரிசாக வைத்தால் மற்ற எல்லாப் பரிசும் சப்பென்று ஆகிவிடும். 'சோறு தின்னா மிட்டாய்' என்பதும் கூடாது. சோறு தண்டனையாகவும் மிட்டாய் வெகுமதியாகவும் மாறிவிடும்.

மாமியார் ஏத்தங்காய் சிப்ஸை அள்ளிக் கொடுப்பார்தான். அதற்காக அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். சிப்ஸைப் பரிசுப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். சும்மா கிடைக்கும் பொருளுக்காக எந்தப் பிள்ளையும் உழைக்காது.

மகளுக்குத் தனிப் பாட்டில், ஒரே வேலை, அன்றன்றே பரிசு. 5 வயதுக்குச் சனிக்கிழமை என்பது ரொம்ப தூரம். யாருக்கு அதிகம் என்ற போட்டி வேண்டவே வேண்டாம்.

போட்ட பட்டனைத் திரும்ப எடுக்காதீர்கள். தங்கையை அடித்தால் அதற்குத் தனி நடவடிக்கை உண்டு, சம்பாதித்தது சம்பாதித்ததுதான். அதேபோல, வடசேரி பஸ் ஸ்டாண்டில் புரண்டு அழும்போது "அழாம வா, ஐஸ்கிரீம் தாறேன்" என்றால் அது பரிசு ஆகாது. அழுதால் ஐஸ்கிரீம் உண்டு என்றுதான் அவன் படிப்பான். வீட்டை விட்டு இறங்கும் முன் சொல்வதே பரிசு.

"என்ன தருவ?" என்று கேட்டால், "இது பட்டன் வேலை இல்ல மக்களே, வீட்டு வேலை" என்று ஒரே தடவை, கோபமில்லாமல். விளக்கவுரை வேண்டாம். முதல் சில நாட்கள் முன்பைவிட அதிகமாக அடம்பிடிப்பான். இதுவரை பலித்த பேரம் பலிக்காதபோது அப்படித்தான் நடக்கும். ஐந்தாம் நாள் அலுத்துப்போய் ஒன்று கொடுத்துவிட்டால், இன்னும் நீட்டிப் பிடிவாதம் செய்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான்.

மூன்றாம் வாரத்திலிருந்து குறைக்கத் தொடங்குங்கள். முதலில் இரண்டு வேலைக்கு ஒரு பட்டன், பரிசுக்கு வேண்டிய பட்டனும் அதற்கேற்பப் பாதி. ஐந்தாம் வாரத்திலிருந்து எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே. எட்டாம் வாரம் பட்டன் நின்று, பாராட்டு மட்டும் தொடரும். பழகிய வேலை மறுபடி சறுக்கினால் ஒரு வாரம் பழைய கணக்குக்குத் திரும்புவதில் தவறில்லை.

இத்தனைக்குப் பிறகும் புத்தகத்தைக் கண்டாலே அழுகிறான், வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் திணறுகிறான் என்றால் அது சோம்பல் அல்ல. முடியாத ஒன்றை எந்தப் பரிசும் முடிய வைக்காது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.

கணவர் போனில் "முதல் ரேங்க் எடுத்தா புது சைக்கிள்" என்று சொல்லும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆறு மாதம் தள்ளி இருக்கும் சைக்கிள், இன்று சாயங்காலம் 6.30-க்கு அவனை உட்கார வைக்காது. சைக்கிளைப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கட்டும். வீடியோ காலில் அவர் கேட்க வேண்டியது, "இன்னைக்கு எதுக்கு மக்களே பட்டன் கிடச்சுது?" என்பதைத்தான்.