இன்டெல் எழுந்தால் டிஎஸ்எம்சி விழுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிற நிறுவனங்களுக்குச் சிப் செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் ஏடிஆர் பங்குகள் (அதன் பங்குகளுக்கு ஈடாக நியூயார்க்கில் விற்கும் ரசீதுகள்) கொஞ்சம் வைத்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு சிப் நிறுவனமான இன்டெலில் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்தது. அடுத்த மாதமே என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. இன்டெல் மீண்டுவிட்டது, டிஎஸ்எம்சியை விற்றுவிடு என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விற்பது உங்கள் முடிவு. ஆனால் இந்தக் காரணத்துக்காக மட்டும் விற்காதீர்கள். இன்டெலின் சிப் நன்றாக விற்பது ஒரு செய்தி, இன்டெலின் ஆலை தேறுவது வேறொரு செய்தி. உங்கள் நண்பர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

இன்டெல் டிஎஸ்எம்சியின் வாடிக்கையாளரும்கூட. 2024இல் வந்த ஏரோ லேக் சிப், பல துண்டுகளை ஒரே தளத்தில் பொருத்திச் செய்தது. துண்டை டைல் என்பார்கள். ப்ராசஸர் கோர்கள் உள்ள டைல் டிஎஸ்எம்சியின் 3 நேனோமீட்டர் தொழில்நுட்பத்தில் (எண் குறையக் குறைய நவீனம்), கிராஃபிக்ஸ் 5 நேனோமீட்டர் வகையில், மற்ற இரண்டும் 6 நேனோமீட்டரில் தயாரானவை. அடித்தளம் மட்டும் இன்டெல் ஆலையில். அந்தச் சிப் கூடுதலாக விற்றால் டிஎஸ்எம்சிக்கும் வரவுதான். அடுத்த பேந்தர் லேக் சிப்பில் கோர் டைல் இன்டெலின் 18ஏ என்ற சொந்தத் தயாரிப்பு முறைக்குத் திரும்பிவிட்டது. அது டிஎஸ்எம்சிக்கு உண்மையான இழப்பு. ஆனால் பெரிய கிராஃபிக்ஸ் டைலும் கன்ட்ரோலர் டைலும் இன்னும் தைவானில்தான் தயாராகின்றன. ஆகவே, ஒவ்வொரு புதிய சிப்பிலும் எந்த டைல் எந்த ஆலையில் என்று பாருங்கள்.

இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 2009இல் அது தன் ஆலைகளைப் பிரித்துவிட்டது, அவையே குளோபல்ஃபவுண்டரீஸ் ஆயின. 2015இல் சுமார் 400 கோடி டாலராக இருந்த ஏஎம்டியின் வருவாய், 2022இல் 2,360 கோடியானது. நடுவே 2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்டரீஸ் 7 நேனோமீட்டர் முயற்சியைக் கைவிட்டது. 2019இல் வந்த ஏஎம்டியின் ஜென் 2 சிப்களில் கோர்கள் டிஎஸ்எம்சிக்குப் போயின, ஐ/ஓ டை (தரவு உள்ளே வெளியே போய்வரும் துண்டு) மட்டும் குளோபல்ஃபவுண்டரீஸில் மிஞ்சியது. 2022இன் ஜென் 4இல் அதுவும் டிஎஸ்எம்சியின் 6 நேனோமீட்டருக்கு மாறியது. மீண்டது ஒரே நிறுவனம், அதனால் ஒரு ஃபவுண்டரி (பிறருக்குச் சிப் செய்து தரும் ஆலை) கொழித்தது, இன்னொன்றின் கையிலிருந்த வேலை போனது.

இன்டெலின் ஆலைப் பிரிவான இன்டெல் ஃபவுண்டரியின் 2024 வருவாய் சுமார் 1,750 கோடி டாலர், இயக்க நட்டம் சுமார் 1,340 கோடி. அந்த வருவாயில் பெரும்பகுதி இன்டெலின் சொந்தப் பிரிவுகள் கொடுத்தது. வெளி வாடிக்கையாளர் ஒப்பந்தம் போட்டாலும், ஒரு ஆலைக்காக வரைந்த சிப்பை இன்னொன்றில் அப்படியே ஓட்ட முடியாது. வடிவமைப்பை மாற்றி, சோதனை வேஃபர் (சிப்கள் உருவாகும் சிலிக்கான் தட்டு) ஓட்டி, மொத்த உற்பத்திக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே காலாண்டு அறிக்கையில் வெளியார் தரும் வருவாயை மட்டும் தனியே பாருங்கள்.

நான் அஞ்சுவது ஆர்டர் குறைவதைத்தான், யார் குறைத்தாலும் சரி. டிஎஸ்எம்சி தன் கருவிகளின் விலையை ஏறக்குறைய 5 ஆண்டில் தேய்மானச் செலவாகக் கணக்கில் கழிக்கிறது. ஆலை சும்மா கிடந்தாலும் அந்தச் செலவு ஓடும். 2022 கடைசிக் காலாண்டில் 1,993 கோடி டாலராக இருந்த வருவாய், 2023 இரண்டாம் காலாண்டில் 1,568 கோடியாக இறங்கியது. மொத்த லாப விகிதமும் 62.2 சதவீதத்திலிருந்து 54.1க்கு விழுந்தது. இன்டெலுக்கு அதில் பெரிய பங்கில்லை, உலகம் முழுக்க கணினியும் கைபேசியும் தேங்கிய காலம் அது. மாத வருவாயை ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் வெளியிட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும் பழக்கம் வையுங்கள்.

இன்னொன்று. ஒரு ஏடிஆர் 5 சாதாரணப் பங்குகளுக்குச் சமம். தைபே விலையை 5ஆல் பெருக்கி, ஒரு டாலருக்கு எத்தனை தைவான் டாலரோ அதால் வகுத்தால் உண்மை மதிப்பு வரும். நியூயார்க் விலை அதற்கு மேல் போகும்போது வாங்கினீர்கள் என்றால், டிஎஸ்எம்சிக்கு எதுவும் ஆகாமலே, அந்தக் கூடுதல் சுருங்குவதால் மட்டும் நட்டம் வரலாம். அடுத்த முறை வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.