பளிங்குக் கல்லில் ஆசிட் ஊற்றிவிடாதீர்கள்

வணக்கங்க. ஈரோடு பக்கத்து கிறிஸ்தவக் கோயில் சுவரில் இருக்கும் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் நினைவுக் கல்லில் வருஷம் படிக்க முடியவில்லை, ஆசிட் போட்டுக் கழுவலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பளிங்கில் ஆசிட் பட்டால் நுரைக்கும். அது அழுக்கு போகும் நுரை இல்லை, கல்லே கரையும் நுரை. வெட்டின எழுத்தின் ஓரம் மழுங்கிவிட்டால் திரும்ப வராது. கம்பி பிரஷ்ஷும் கூடாது.

சுத்தமான தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும், கீழிருந்து மேலாக. பிறகு பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நான்கு பக்கமிருந்தும் அடித்து நான்கு போட்டோ. பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஈயம் பதித்த எழுத்து உதிர்ந்திருந்தால் உள்ளே குட்டித் துளைகள் தெரியும். அவற்றைக் கோடிட்டு இணைத்தாலே எந்த எழுத்தென்று பிடிபடும்.

"கஅகூஎ" மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது பெயர் இல்லைங்க. தமிழ் எண்: ௧௮௯௭, அதாவது 1897. ஆனால் அது இறந்த வருஷமா, கல் பதித்த வருஷமா என்று மேல் வரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து அந்தச் சபையின் ஆயரிடம் (பாதிரியாரிடம்) அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். வயதை மட்டும் நம்பிப் பிறந்த வருஷம் கணக்குப் போடாதீர்கள், நடப்பு வயதாக இருந்தால் ஒன்று பிசகும்; ஞானஸ்நானப் பதிவில் முன்பின் இரண்டு வருஷம் சேர்த்தே தேடுங்கள். இலண்டன் மிஷன் சபையாக இருந்தால், மிஷனரிகளின் கடிதங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோயாஸ் (SOAS) கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன.